வயலினோட ஸ்காபரோவுக்கு வெளிக்கிடுற தங்கச்சிக்கு

தங்கச்சி, மருதனார்மடத்தில, யாழ் பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில, வயலின் பட்டம் முடிச்சாச்சு, ரெண்டு மாதத்தில கோண்டாவிலில இருந்து கனடாவுக்கு, ஸ்காபரோ வாறன், வாசிச்சும் படிப்பிச்சும் சீவிக்க ஏலுமோ, என்னைப் பற்றி நானே சொல்லுறதுக்குக் கூச்சமாக் கிடக்கு எண்டு கேட்டிருந்தீங்கள். ஏலும். ஆனா தொடக்கத்தில வேற வேலை ஒண்டும் கையில இருக்கட்டும்.

முதல்ல அந்தக் கூச்சம். ஊரில திருவிழா நோட்டீசில பேர் வரும், ஒலிபெருக்கியில சொல்லுவினம், அடுத்த கிழமை இணுவிலில இருந்து ஆள் அனுப்பிக் கேட்பினம். விளம்பரத்தை வேற ஆக்கள் செய்துபோட்டினம், அவ்வளவுதான். இஞ்ச நோட்டீசை நீங்கள் எழுதோணும்: "கர்நாடக வயலின். மருதனார்மடப் பட்டம். நடன அரங்கேற்றத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் பக்கவாத்தியம். ஏழு வயசுக்கு மேல வகுப்பு, சனி ஞாயிறு." 'தலைசிறந்த', 'புகழ்பெற்ற' எல்லாம் வெட்டுங்கோ. கூச்சப்பட வைக்கிறதே அந்த அடைமொழியள்தான். இதே நாலு வரியைப் பெரிய எழுத்தில அச்சடிச்சு வைச்சிருங்கோ, மேடையில அறிவிப்பாளரின்ர கையில குடுக்க. இல்லாட்டி உங்கட பேரைப் பிழையாச் சொல்லுவார், இல்லாட்டிச் சொல்லவே மாட்டார்.

வீடியோவை ஊரிலேயே எடுத்து முடியுங்கோ. கூடப் படிச்ச மிருதங்கக்காரர் அங்க பக்கத்தில இருக்கினம். இஞ்ச ஒருத்தரை ஒரு பின்னேரம் கூப்பிட்டாலும் காசு. மூண்டு துண்டு போதும், ஒவ்வொண்டும் 60 முதல் 90 செக்கன்: வர்ணத்தில ஒரு பகுதி, ஒரு ஆலாபனை, நடனத்துக்கு வாசிக்கிற மாதிரி ஒரு தில்லானா. போனை ஒண்டரை மீற்றர் தள்ளி, வயலினின்ர மட்டத்துக்கு நிறுத்துங்கோ. நிலத்தில வைச்சா முழங்கால்தான் தெரியும். சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும், அதால பாய், மெத்தை விரிச்ச அறை. ஃபானை நிப்பாட்டுங்கோ. சுருதி சேர்க்கிற இடத்தை வெட்டி, நேரா இசையில தொடங்குங்கோ. ரெண்டு மூண்டு செக்கனுக்கு மேல சனம் காத்திருக்காது.

யூடியூப் காசை நம்பாதேங்கோ. விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில 4,000 மணித்தியாலப் பார்வையும் வேணும். யூடியூப் ஒரு கடைப் பெயர்ப்பலகை மாதிரி, ஆக்கள் உங்களைக் கண்டுபிடிக்க மட்டும். சினிமாப் பாட்டு வாசிச்சா உரிமைக் கோரல் வந்து விளம்பரக் காசு பாட்டின்ர உரிமைக்காரருக்குப் போகலாம். அது தண்டனை இல்லை, பயப்படத் தேவையில்லை. தியாகராஜர் 1847இல் சமாதியானவர், அவற்ற கிருதிக்கு ஒருத்தரும் உரிமை கேட்க ஏலாது. ஆனா ஆரும் ஒரு கம்பனியின்ர ஒலிப்பதிவு எண்டு இயந்திரம் பிழையாப் பிடிக்கிறதும் நடக்கும். அப்ப ஆட்சேபியுங்கோ, மற்றப் பக்கத்துக்குப் பதில் சொல்ல 30 நாள்.

உண்மையில கவிழ்க்கிறது விலைப் பேச்சு. அரங்கேற்றப் பிள்ளையின்ர தாய் போன் எடுத்து "எவ்வளவு எடுப்பீங்கள்?" எண்டு கேட்பா. ஊர்ப் பழக்கத்தில "நீங்கள் பாத்துத் தாங்கோவன்" எண்டு வாய் வரும். சொல்லாதேங்கோ. கணக்குக்கு 600 டொலர் எண்டு வையுங்கோ. ஒத்திகை ஆறு, ஒவ்வொண்டும் மூண்டு மணித்தியாலம், அது 18. மேடை மூண்டு. முன்னுக்குப் போய் ஒலி பாக்கிறது ரெண்டு. ஏழு நாள் போய்வாறது ஏழு. முப்பது மணித்தியாலம், மணிக்கு 20 டொலர், அதுக்குள்ள பெற்றோலும் வீட்டில பாட்டுப் படிக்கிற நேரமும். ஒத்திகை கூடினா இன்னும் இறங்கும். அதால "இவ்வளவு, நாலு ஒத்திகையோட. மேலதிக ஒத்திகைக்குத் தனி. பாதி முற்பணம்" எண்டு சொல்லிப்போட்டுப் பேசாம இருங்கோ. அந்த அமைதியை நிரப்பப் போய்த்தான் பலர் தாங்களே விலையைக் குறைக்கினம். அண்டைக்கே அதை வாட்ஸப்பில எழுதி அனுப்புங்கோ, திகதி, நேரம், மைக் ஆர் தாறது எல்லாத்தோடயும்.

"எங்கட ஊர்ப் பிள்ளைதானே" எண்டு இலவசமாக் கேட்பினம். வருசத்துக்கு ரெண்டு மட்டும், நீங்களே தெரிஞ்செடுத்து: ஒரு கோயில், ஒரு பழைய மாணவர் சங்க விழா. முழுவிலையையும் எழுதி, கீழ 'அன்பளிப்பு' எண்டு கழிச்ச பற்றுச்சீட்டு குடுங்கோ. அடுத்தமுறை விலை புதுசாத் தெரியாது.

ஊர்ப் பிள்ளையளின்ர வகுப்பை விட்டிட்டு வராதேங்கோ. இஞ்ச சனி காலை 7:30, கோடையில யாழ்ப்பாணத்தில பின்னேரம் 5 மணி, குளிர்காலத்தில 6. சூமில 'ஒரிஜினல் சவுண்ட்' போடாட்டி நீட்டி இழுக்கிற வில்லையும் சுருதியையும் இரைச்சல் எண்டு நினைச்சு அது அமத்திப்போடும். சுருதிப்பெட்டி பிள்ளையின்ர பக்கத்தில ஓடட்டும். சேர்ந்து வாசிக்கப் பாக்காதேங்கோ, ஒலி பிந்தித்தான் வரும். நீங்கள் ஒருக்கா, பிள்ளை ஒருக்கா.

கடதாசி வேலை சின்னது. சொந்தப் பேரில நடத்தினா ஒன்ராறியோவில வியாபாரப் பெயர் பதிவு தேவையில்லை. 'இசைப்பள்ளி' எண்டு பேர் வைச்சா பதியோணும், அது ஐந்து வருசத்துக்கு. சுயதொழில் வரிப் படிவத்துக்கு யூன் 15 வரை நேரம், ஆனா கட்டவேண்டிய காசுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. இதில சறுக்கி வட்டி கட்டுற ஆக்கள் கனபேர்.

குளிர்காலத்தில வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்தும். மரம் சுருங்கி, பிரடை (தந்தியை முறுக்கிற ஆணி) வழுகி, ஒட்டின மூட்டும் விடும். பெட்டிக்குள்ள ஈரப்பதமானி ஒண்டு வைச்சு 40 முதல் 50 சதவீதத்தில வைச்சிருங்கோ. காருக்குள்ள விட்டிட்டுப் போகாதேங்கோ. வெளியில இருந்து வந்த உடன பெட்டியைத் திறக்காம, அரை மணித்தியாலம் மூடினபடி கிடக்க விடுங்கோ.