ஓடிடியில் எல்லாம் கிடைக்கும்போது டிவிடி எதற்கு?

கேள்வி இதுதான்: எல்லாப் படமும் தொடரும் ஓடிடியிலேயே இருக்கும்போது, இன்னும் டிவிடி, ப்ளூ-ரே வாங்குகிறவர்கள் எதற்காக வாங்குகிறார்கள்?

நான் வாங்குகிறேன், அதனால் என் காரணத்தைச் சொல்கிறேன். ப்ளூ-ரேயில் படமும் ஒலியும் அந்த அளவுக்குச் சுருக்கப்படாமல் இருக்கும், நல்ல திரை இருந்தால் வித்தியாசம் தெரியும், அதெல்லாம் உண்மை. எனக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இணையக் கடையில் ஒரு பழைய தொடரை வாங்கினேன். வாடகைக்கு இல்லை, 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தி முழுப் பணம் கொடுத்துத்தான். அம்மா உடம்பு முடியாமல் இருந்த மாதங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த தொடர் அது. ஒருநாள் தேடினால் என் பட்டியலில் அது இல்லை. எழுதிக் கேட்டேன், உரிமம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நான் வாங்கியது தொடரையே இல்லை, அவர்கள் கையில் உரிமை இருக்கும்வரை பார்த்துக்கொள்ளும் அனுமதியை மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து இதற்கென்றே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் படத்தையோ விளையாட்டையோ 'வாங்கு' என்று போட்டு விற்கக் கூடாது. அப்படியொரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் இது எனக்கு மட்டும் நடந்ததாக இருக்க முடியாது.

சரி, வேறு நிறுவனத்தின் படமென்றால் உரிமம் முடியும், சொந்தத் தயாரிப்பு எங்கே போய்விடும் என்று கேட்கலாம். டிஸ்னி பிளஸ் தன் சொந்தத் தொடரான 'வில்லோ'வை 2022 நவம்பரில் வெளியிட்டது, 2023 மே மாதம் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்த வேலை அது!

இன்னொன்று, இருக்கிறது என்று நாம் நினைப்பது அதே வடிவத்தில் இருக்காது. 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்று 1978இல் தொடங்கிய ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடர், ஒரு வானொலி நிலையத்தில் நடக்கிற கதை. அந்தக் காலத்து ராக் பாடல்கள்தான் அதன் உயிர். பாடல்களுக்கான உரிமம் முடிந்த பிறகு மறு ஒளிபரப்பிலும் முதலில் வந்த டிவிடியிலும் பல பாடல்களை எடுத்துவிட்டு வேறு இசையைப் போட்டார்கள். பாடலை மாற்றிய வானொலி நிலையக் கதையில் என்ன மிஞ்சும்? அதனால் டிஸ்க் வாங்கும்போதும் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

'எப்படியும் தயாரித்தவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள்' என்பதைத்தான் நான் துளியும் நம்புவதில்லை. பிபிசி 1960களிலும் 70களிலும் தன் சொந்த அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் எபிசோடுகளையே அழித்தது. யாரும் வன்மத்தோடு செய்யவில்லை: வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மேலே பதியலாம், பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சியை மறுபடி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தார்கள், வீட்டில் வாங்கிப் பார்க்கும் வழக்கமே அன்று இல்லை. ஆனால் அப்படிப் போன எபிசோடு ஒவ்வொன்றின் ஒலிப்பதிவும் இன்று இருக்கிறது. காரணம், தொடர் ஒளிபரப்பானபோதே வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள்! தொலைந்த 9 எபிசோடுகள் கிடைத்த செய்தி 2013இல் வந்ததே, அவை இருந்தது லண்டனில் இல்லை, நைஜீரியாவில் ஒரு தொலைக்காட்சி ரிலே நிலையத்தில். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உரிமையாளர் கைவிட்டதை, எந்த உரிமையும் இல்லாத யாரோ ஒருவரின் அலமாரி காப்பாற்றியிருக்கிறது.

'நோஸ்ஃபெராட்டு' தப்பித்ததும் அப்படித்தான். 1922இல் வந்த ஜெர்மன் படம், டிராகுலா கதையை அனுமதியில்லாமல் எடுத்தது என்று வழக்குப் போய், பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் பிரதிகள் பல நாடுகளுக்குப் போய்ச் சிதறியிருந்ததால் இன்றும் பார்க்க முடிகிறது. அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போய்விட்டது.

எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கச் சொல்லவில்லை. டிஸ்க்கும் கெட்டுப்போகும், ஓட்டுவதற்கு பிளேயர் வேண்டும், இடத்தை அடைக்கும். பெரிய வெற்றிப் படங்களை நான் வாங்குவதில்லை, அவற்றை வைத்திருக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். யாரும் பேசாத, ஒரு சீசனோடு நின்றுபோன, ஆனால் எனக்குப் பிடித்தவற்றைத்தான் தேடி வாங்குகிறேன். கேட்கிற நண்பர்களுக்குக் கொடுத்தும் அனுப்புவேன், ஓடிடி கணக்கில் அது முடியாது.

அப்புறம், என் பட்டியலிலிருந்து காணாமல்போன அந்தத் தொடரின் டிவிடி தொகுப்பு பிறகு எனக்குக் கிடைத்தது, யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. நான்காவது டிஸ்க்கில் கீறல், ஒரு எபிசோடு நடுவில் நின்று நின்று ஓடும். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த எபிசோடு இரண்டாவது டிஸ்க்கில் இருக்கிறது. அது நன்றாக ஓடுகிறது.