வாங்குவோர் கேள்வி-பதில்: செகண்ட் ஹேண்ட் கேம் டிஸ்க்

கேள்வி: கடையில் 800 ரூபாய்க்கு நான் கொடுத்த பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) டிஸ்க்கை அடுத்த வாரமே 1,600 என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பகல் கொள்ளை இல்லையா? (ஆர்.கே., ஈரோடு)

இல்லை. கடைக்காரர் விலை சொன்னார், நீங்கள் தலையாட்டினீர்கள். புது கேமில் கடைக்கு நிற்பது சொற்பம். அமெரிக்காவின் கேம்ஸ்டாப் என்ற கேம் கடைச் சங்கிலி கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே புது கேமில் அதன் லாபம் 100-க்கு 20 சொச்சம்தான். பழையதில் 45-க்கும் மேல். கடை வாடகையைக் கட்டியது பழைய டிஸ்க்தான். ஆட்கள் டவுன்லோடுக்கு மாறியதும் அந்தக் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. அந்த 1,600 உங்களுக்கே வேண்டுமென்றால் ஓஎல்எக்ஸில் போட்டுப் பாருங்கள். "லாஸ்ட் ப்ரைஸ்?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களைச் சமாளித்த பிறகு கடைக்காரர் மேல் கோபம் இருக்காது.

கேள்வி: டவுன்லோடு செய்து வாங்கிய கேமை ஆடி முடித்துவிட்டேன். விற்கலாமா? (சதீஷ், ஓசூர்)

முடியாது.

கேள்வி: பழைய டிஸ்க் வாங்கினால் கேம் செய்தவனுக்குப் பைசா போகாது, திருட்டு டிவிடி மாதிரிதான் என்கிறான் நண்பன். சரியா? (எம்., நாகர்கோவில்)

பைசா போகாது என்பது சரி, மற்றது தப்பு. திருட்டு டிவிடியில் ஒன்று நூறாகிறது. இங்கே ஒரே டிஸ்க் கைமாறுகிறது; விற்றவர் அதற்கப்புறம் ஆட முடியாது. அதோடு, பழையதை விற்ற காசைப் போட்டுத்தான் பலர் புதுசே வாங்குகிறார்கள். கம்பெனிகள் நஷ்டக் கணக்குப் பாடும்போது அந்த வரியை மட்டும் விழுங்கிவிடும்.

ஜப்பானில் பழைய கேம் விற்ற கடைகளைக் கேம் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தன. 2002-ல் கடைகள் ஜெயித்தன. 2010-ல் கேம் தயாரிக்கும் இஏ கம்பெனி 'ஆன்லைன் பாஸ்' கொண்டுவந்தது. புது டிஸ்க்கோடு ஒருமுறை மட்டும் செல்லும் ஒரு ரகசிய எண் வரும்; பழையதை வாங்கியவர் ஆன்லைனில் ஆட 10 டாலர் தனியாக அழ வேண்டும். திட்டு வாங்கி 2013-ல் கைவிட்டார்கள். அதே வருடம் மைக்ரோசாஃப்ட், தன் புது கேம் மெஷினான எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் ஆஜராக வேண்டும், பழைய கேம் விற்க நிபந்தனை உண்டு என்றது. உடனே பிளேஸ்டேஷன் விற்கும் போட்டிக் கம்பெனி சோனி ஒரு குட்டி வீடியோ விட்டது: ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். அவ்வளவுதான் வீடியோ. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

என் வயிற்றெரிச்சல் இதற்குப் பிறகுதான். அதே சோனி 2020-ல் டிஸ்க் போடும் வழியே இல்லாத பிஎஸ்5-ஐயும் விற்றது. விலை குறைவு என்று பாய்ந்து வாங்கினோம். கேம் வாங்க இனி அவர்கள் கடை ஒன்றுதான், அவர்கள் சொல்வதுதான் விலை. டிஸ்க் இருந்தாலும் நிம்மதி இல்லை. யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2024-ல், இன்டர்நெட் இல்லாமல் ஓடாத 'தி க்ரூ' கேமின் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வைத்திருந்தவரும் ஆட முடியவில்லை. பல பிசி கேம் பெட்டிகளில் டிஸ்க்கே கிடையாது, ரகசிய எண் அச்சிட்ட காகிதம் மட்டும். அப்படி ஒன்றை நான் செகண்ட் ஹேண்டில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த எண்ணை முதல் ஆளே போட்டு முடித்திருந்தார். பெட்டி அழகாக இருக்கிறது.

கேள்வி: வாங்கிய டிஸ்க் பாதியில் நிற்கிறது, பின்னால் கீறல். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். பில் இல்லை. (பெயர் வேண்டாம், மதுரை)

வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவில்லை, கடையில் போட்டு ஓட்டிப் பார்க்கவில்லை, பில்லும் கேட்கவில்லை. பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள் என்பேன். இப்போது எனக்கு வேறு வேலை இருக்கிறது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் "பிஎஸ்5 கேம் 500 ரூபாய்" என்று பார்த்து என் மகன் ஜிபேயில் பணம் அனுப்பினான். ஒரு லாகின் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் பாஸ்வேர்டு மாறிவிட்டது, நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். (ஒரு தாய், திருச்சி)

பையனைத் திட்டாதீர்கள் அம்மா. ஒரே அக்கவுண்ட்டைப் பலருக்கு விற்பதுதான் இவர்கள் பிழைப்பே. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். பணம் போன யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண், சாட் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள், இன்ஸ்டா பக்கம் காணாமல் போவதற்குள். 500 ரூபாய்தானே என்று விடாதீர்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் மகன் மட்டுமா மாட்டியிருப்பான்?