யூ.பி.எஸ்.ஆர். போய்விட்டதே, டி.பி.யும் உவாசாவும் எதற்கு?

கேள்வி: "சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அரையாண்டு அறிக்கையில் மலாய்மொழிக்கு டி.பி. 2 என்று போட்டிருக்கிறார்கள். போன வருட உவாசாவில் அதே பாடத்துக்கு சி. யூ.பி.எஸ்.ஆரைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு இதெல்லாம் கட்டாயமா? எதைப் பார்த்துக் கவலைப்படுவது?"

சி-யைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். டி.பி., அதாவது அடைவுநிலை, 2-இல் நிற்கிறதே, அதைக் கவனியுங்கள், அதுவும் இப்போதே.

மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் ரத்தானது. இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்துத் தேர்வான பி.தி.3, 2022-இல் போனது. அதனால் சோதனையே இல்லை என்று பல பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அரசாங்கப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் பள்ளிசார் மதிப்பீடு கட்டாயம். அதில் ஒரு பகுதி வகுப்புசார் மதிப்பீடு, அதாவது பி.பி.டி. முதலாம் ஆண்டிலிருந்தே வருடம் முழுக்க நடப்பது, டி.பி. எண் அதிலிருந்துதான் வருகிறது. இன்னொன்று ஆண்டிறுதிச் சோதனையான உவாசா. நான்கிலிருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும், ஒன்றிலிருந்து மூன்றாம் படிவம் வரைக்கும் உண்டு. முதல் மூன்று ஆண்டுகளில் உவாசா கிடையாது. புறப்பாட மதிப்பீடும் உளவியல் மதிப்பீடும் தனி. உங்கள் கேள்விக்கு அவை தேவையில்லை.

உவாசா மதிப்பெண்ணையும் டி.பி.யையும் கூட்டிக் கணக்குப் போடமாட்டார்கள். இரண்டும் தனித்தனியாகவே அறிக்கையில் வரும். உவாசாவில் 82 முதல் ஏ, 66 முதல் 81 வரை பி, 50 முதல் 65 வரை சி. 35 முதல் 49 வரை டி, 20 முதல் 34 வரை இ, அதற்கும் கீழே போனால்தான் எஃப். ஆக மகளின் சி பாதிக்குக் குறையாதது. எஃப் வாங்கினாலும் அதே வகுப்பில் உட்கார வைக்கமாட்டார்கள். மகள் எந்த இடத்தில் சறுக்குகிறாள் என்று பார்க்க அந்தத் தாள் உதவும், அவ்வளவே.

டி.பி. வேறு வகை. ஒன்றிலிருந்து ஆறு வரை உள்ள இந்த அடைவுநிலை, பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. பாடத்திட்டம் கேட்கும் திறனோடு ஒப்பிடுகிறது. 3 என்பது குறைந்தபட்ச அடைவு. 1, 2 என்றால் அந்த அளவு இன்னும் எட்டவில்லை. மலாய்மொழியில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் நேராக முதலாம் படிவம் போவதா, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருப்பதா என்பதற்கு இப்போது ஆறாம் ஆண்டு முடிவில் உள்ள மலாய்மொழி அடைவுநிலையைத்தான் பார்க்கிறார்கள். 3 இருந்தால் முதலாம் படிவம். புகுமுக வகுப்பு என்றால் இடைநிலைப்பள்ளி ஐந்து வருடத்துக்குப் பதில் ஆறு வருடம்.

புகுமுக வகுப்பை அவமானமாக நினைக்க வேண்டாம். மொழி உண்மையிலேயே பலவீனமாக இருக்கும் பிள்ளைக்கு அந்த வருடம் பெரிய உதவி. தமிழ்ப்பள்ளியில் வரலாற்றைத் தமிழில் படித்த பிள்ளை, முதலாம் படிவத்தில் அதே பாடத்தை முழுக்க மலாயில் படிக்க வேண்டும். மொழி பிடிபடாமல் போய் உட்கார்ந்தால் எல்லாப் பாடமும் சேர்ந்து சரியும். ஆனால் மூன்றை எட்டக்கூடிய பிள்ளை, யாரும் கவனிக்காததால் இரண்டிலேயே நின்று ஒரு வருடத்தை இழப்பதுதான் வருத்தம். தோட்டப்புறப் பள்ளிகளில் அது நடக்கிறது.

ஏன் நடக்கிறது? ஆசிரியர் கண்ணால் பார்த்ததற்குத்தான் டி.பி. போட முடியும். மழைக்கு, பஸ் வராததற்கு, காய்ச்சலுக்கு என்று விடுப்பு எடுத்த நாள்களில் நடந்த வாய்மொழிப் பயிற்சியும் எழுத்துப் பயிற்சியும் பதிவில் இருக்காது. பிள்ளைக்குத் தெரிந்திருந்தும் ஆதாரம் இருக்காது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை வகுப்பில் மலாய் பேசவே வாய் திறக்காது. கேட்டல் பேச்சு அப்படியே கீழே நின்றுவிடும். டியூஷனில் பழைய யூ.பி.எஸ்.ஆர். தாள்களில் உள்ள விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகளைச் செய்ய வைப்பதால் இது சரியாகாது. ஏ, பி, சி, டி-யில் வட்டம் போடுவது வேறு, சொந்தமாக நான்கு வாக்கியம் எழுதுவது வேறு.

நல்ல செய்தி: டி.பி.க்குச் சராசரி கிடையாது. வருடத் தொடக்கத்தில் 2 இருந்ததால் இறுதியில் இழுத்துப் பிடிக்காது. கடைசியில் பிள்ளை எதைச் செய்து காட்டுகிறாள் என்பதை வைத்து ஆசிரியர் முடிவு செய்கிறார். ஆகவே ஆண்டிறுதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே மலாய்மொழி ஆசிரியரைப் பாருங்கள். "ஏன் டீச்சர் இரண்டு போட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, இலக்கணம், இதில் எது 2-இல் நிற்கிறது என்று கேளுங்கள். அவளுடைய பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று கிடைக்க அவள் என்ன செய்து காட்ட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இப்படிக் கேட்கும் பெற்றோருக்கு நேரம் கொடுப்பார்கள்.

எழுத்துதான் குறை என்றால், புத்தகத்தில் இரண்டு தவறுகளைத் தேடிப் பாருங்கள். தமிழில் 'சிவப்புச் சட்டை' என்று நிறம் முன்னால் வரும்; மலாயில் 'பாஜு மேரா', சட்டைதான் முதலில். நம் பிள்ளைகள் 'மேரா பாஜு' என்று எழுதிவிடுவார்கள். அடுத்தது வினைக்கு முன்னால் வரும் ஒட்டு. 'சாப்பு' (பெருக்கு) என்பது 'மெஞாப்பு' ஆகும், 'துலிஸ்' (எழுது) என்பது 'மெனுலிஸ்' ஆகும். முதல் எழுத்து மாறிவிடும். ஆனால் 'பாச்சா' (வாசி) போன்றவை எழுத்து விழாமல் 'மெம்பாச்சா' என்று வரும். தினம் ஐந்து வினைச்சொல்லை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அவளே எழுதட்டும். நீங்கள் மலாய் பேசுபவராக இருந்தால் சமைக்கும்போது அந்த வாக்கியங்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்க்கு வந்தது கைக்கும் வரும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஐந்தாம் படிவ முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். அதில் மற்ற எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தாலும், மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது. வரலாற்று நிபந்தனை 2013-இல் வந்தது. தேர்ச்சிக்கு இ போதும், ஆனால் அந்த வரலாற்றுத் தாளும் மலாயில்தான். தவறவிட்டவர்கள் இந்த இரண்டு பாடங்களையும் மறுதேர்வாக எழுதலாம். ஆனால் அதற்குள் மேற்படிப்பு விண்ணப்பத் தேதிகள் போய்விடும்.

மகளுக்கு முழு உறைவிடப் பள்ளி ஆசை இருந்தால் பி.கே.எஸ்.கே. என்ற தனித்தேர்வு இருக்கிறது. இது கட்டாயமில்லை, இணையம்வழி விண்ணப்பிக்க வேண்டும். திறக்கும் தேதியைப் பள்ளியில் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. இடைநிலைப்பள்ளி போனதும் தமிழ் வகுப்பு இல்லை என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். 1996 கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரே தோட்டத்திலிருந்து 15 பேர் சேரமாட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அதே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்தையும் வாங்கி, முதலாம் படிவப் பதிவு நாளிலேயே கடிதத்தைப் பள்ளி முதல்வரிடம் கொடுத்துவிடுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.