தார் பாலைவனத்தில் நடக்கப் போகும் முன்

வணக்கம் சார்,

திருநெல்வேலியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வயது 48. சில வருடமாகத் தினமும் காலையில் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்து வருகிறேன். தார் பாலைவனத்தைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன்.

ஜெய்சால்மர் பக்கம் ஐந்து நாள் யோகா முகாம் ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். விடிகாலையில் யோகா, அப்புறம் ஒட்டகங்களோடு மணலில் நடை, ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர். மாலையில் தியானம், ராத்திரி கூடாரம். ‘ஒன்றுமே இல்லாத இடத்தில் உங்களைச் சந்தியுங்கள்’ என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. ஆபீஸ், வீடு, போன் எதுவும் இல்லாமல் கொஞ்ச நாள் இருந்தால் போதும் என்று இருக்கிறது.

வீட்டுக்காரர், “மணலைப் பாக்கணும்னா குதிரைமொழித் தேரி மணல்காட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்பிரலாமே, அதுக்கு எதுக்கு ராஜஸ்தான்?” என்கிறார். எனக்கு இடது முழங்காலில் லேசான வலியும் உண்டு. மணலில் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா? போனால் உண்மையிலேயே மனம் அடங்குமா? கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

தே., திருநெல்வேலி

*

அன்புள்ள தே.,

போய் வாருங்கள். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவதற்குள் போங்கள். ஆனால் அந்த விளம்பர வரியை மட்டும் மறந்துவிட்டுப் போங்கள். தாரைப் பற்றிச் சொல்லப்படுகிற பொய்களிலேயே அந்த மண்ணுக்கு அதிகக் கெடுதல் செய்தது அதுதான்.

உலகத்துப் பாலைவனங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்வது தாரில்தான். வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத ஜெய்சால்மர் மாவட்டத்தில் ஊர்கள் இருக்கின்றன, ஆட்டு மந்தைகள் இருக்கின்றன, கம்பு விளைகிறது. படங்களில் வருகிற வழவழப்பான மணல்மேடு மொத்த நிலத்தில் ஒரு பகுதிதான். நடக்க ஆரம்பித்தால் சரளைத் தரையிலும் சேவண் புல்வெளியிலும் எருக்கும் கேர்ப் புதரும் மண்டிய மேட்டிலும்கூட நிறைய நடப்பீர்கள். அங்கங்கே கேஜ்ரி மரம் நிற்கும். நம் ஊர்க் கோவில்களில் தலமரமாக நிற்கிற அதே வன்னி. அதன் பிஞ்சுக் காயை உலர்த்தி வைத்துக்கொண்டு வருடம் முழுக்கச் சமைக்கிறார்கள், அதற்குச் சாங்ரி என்று பெயர். குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து இலையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். டிசம்பரில் போனால் மொட்டையாக நிற்கும் வன்னிகளைப் பார்த்துக் கலங்க வேண்டாம், மறுபடி தழைத்துவிடும். 1730இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் அரண்மனை வேலைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அந்த ஊர்ப் பெண் அம்ருதா தேவி தொடங்கி, மரங்களைக் காப்பதை மதமாகவே கொண்ட பிஷ்னோய் சமூகத்தவர் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரைக் கொடுத்தார்கள். ஒன்றுமில்லாத இடத்துக்காக யாரும் அப்படிச் சாக மாட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கத்திய ஆட்கள் தண்ணீரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். மழையாக விழுந்து தரையில் ஓடுவது பாலர் பானி. அடி ஆழத்தில் கிடப்பது பாதாள் பானி, அது பெரும்பாலும் உப்புக் கரிக்கும். இரண்டுக்கும் நடுவே மணலுக்குள் ஈரமாகவே தங்கியிருப்பது ரேஜாணி பானி. சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் அடுக்கு ஒன்று ஓடுகிறது. இறங்குகிற மழைநீர் அதைத் தாண்டிப் போய் உப்புத் தண்ணீரோடு கலக்க முடியாமல் மேலேயே நின்றுவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஓர் ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற அகலத்துக்குக் குறுகலாகத் தோண்டுவார்கள். பேரி என்றும் குயி என்றும் சொல்கிறார்கள். சுற்றிலும் உள்ள மணலின் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து அடியில் சேரும். ஒரு நாளைக்குச் சில குடம் தேறினால் பெரிய விஷயம். குழியின் வாயைப் பலகை போட்டு மூடியிருப்பார்கள். நடக்கும்போது அப்படி ஒன்றைப் பார்த்தால் அதன் மேல் உட்காராதீர்கள், பக்கத்தில் நின்று கை கால் கழுவாதீர்கள். ஒரு வீட்டின் குடிதண்ணீர் அது.

குல்தரா என்ற பாழடைந்த ஊருக்கும் அழைத்துப் போவார்கள். பேய்க்கதை சொல்வார்கள். அதைவிட்டுவிட்டு, அங்கே வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் பழக்கிய காதீன் விவசாயத்தைப் பற்றிக் கேளுங்கள். பாறைமேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரை நீளமான மண்கரை கட்டி மறித்து, நீர் உள்ளிறங்கிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். ஜெய்சால்மரில் இன்றும் காதீன்கள் விளைகின்றன.

சரி, அந்த விளம்பர வரி ஏன் கெடுதல் என்று சொல்கிறேன். தாரில் ஓரண் என்று சாமி நிலங்கள் உண்டு. தெய்வத்தின் பெயரால் ஊர் விட்டுவைத்தவை. அங்கே உழுவதில்லை, மரம் வெட்டுவதில்லை, கால்நடை மேயலாம். தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இந்த நிலங்களில் பல, அரசாங்க ஏட்டில் தரிசு என்று பதிவாகியிருக்கின்றன. தரிசுதானே என்று சூரிய மின்சாரப் பண்ணைகளுக்கு ஒதுக்குவது எளிதாகிவிட்டது. தேக்ராய் மாதா கோவிலின் ஓரணைக் காப்பாற்ற மேய்ச்சல்காரர்கள் நடைப்பயணம் போய்க் குரல் கொடுத்தார்கள். ஓரண்களை அளந்து வரைபடமாக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. இந்த நிலத்தில்தான் கானமயில் கடைசியாக மிஞ்சியிருக்கிறது. மொத்தம் 150கூடத் தேறாது. கனத்த பறவை, பறக்கும்போது நேர் எதிரே இருப்பது அதன் கண்ணுக்குச் சரியாகப் படாது. உயரழுத்த மின்கம்பியைப் பார்த்து விலகுவதற்குள் மோதி விழுந்துவிடுகிறது. சூரிய மின்சாரம் நமக்கு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவருக்கும், சுற்றுலாக் கூட்டம் மொய்க்கிற சாம் என்ற ஊரின் மணல்மேட்டு ஓரத்தில் வரிசையாகக் கூடாரம் அடித்து ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி அலறவிடுகிறவருக்கும், யோகா முகாமுக்கு விளம்பரம் எழுதுகிறவருக்கும் ஒரே நினைப்புதான் இருக்கிறது: அங்கே யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது? நீங்களும் அந்த நினைப்போடு போய் இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மனம் அடங்குமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தாரில் மனம் நின்றது கண்ணை மூடி உட்கார்ந்தபோது அல்ல, குனிந்து தரையைப் பார்த்தபோது. காற்று கிளம்புவதற்கு முன், வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில், முந்தின ராத்திரி நடந்தது முழுக்க மணலில் கிடக்கும். வண்டு போன தடம் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகத் தையல் போட்ட மாதிரி நீளும். எலி குதித்துக் குதித்துப் போயிருக்கும், நடுநடுவே வால் இழுபட்ட கோடு. நரியின் அடிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுந்திருக்கும். சுருட்டை விரியன் பக்கவாட்டில் நகர்ந்த வளைவுகள் தனித்தனியாகத் தெரியும். ஒட்டகக்காரரைக் கேட்டால், எது முதலில் போனது, எது எதைத் துரத்தியது, புதருக்குள் போனது வெளியே வந்ததா என்று சொல்லுவார். அரை மணி நேரம் அவரோடு குனிந்து நடந்தால் ஆபீஸ் ஞாபகம் வர இடமிருக்காது. வெயில் ஏறிக் காற்று எழுந்ததும் எல்லாம் அழிந்துபோகும். அதனால் காலை யோகாவை ஒரு நாளாவது தள்ளிவைத்துவிட்டு இதற்குப் போங்கள். முகாம்காரர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஆசனத்துக்கு மணல்மேட்டின் உச்சி படத்துக்குத்தான் நன்றாக இருக்கும். விரிப்புக்கு அடியில் குதிகால் ஒரு பக்கம் இறங்கும், உள்ளங்கை புதைந்து மணிக்கட்டு அளவுக்கு மீறி மடங்கும். விருட்சாசனம், வீரபத்ராசனம் மாதிரி நின்று செய்கிறவை எல்லாம் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் வேண்டாத முறுக்கு. இரண்டு மேடுகளுக்கு நடுவே இறுகிய தட்டைத் தரை இருக்கும், அங்கே விரிக்கச் சொல்லுங்கள். ஜனவரி விடிகாலையில் குளிர் 5 டிகிரி பக்கம் போகும், காற்று அப்படி உலர்ந்திருக்கும். பஸ்திரிகா, கபாலபாதி மாதிரி வேகமான மூச்சுகளை அந்தக் காற்றில் செய்யாதீர்கள், மூக்கு வறண்டு ரத்தம் கசியலாம். மூக்கின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நிதானமாக மூச்சு விடுகிற நாடி சுத்தி போதும். நடந்து முடித்த சாயங்காலத்தில் செய்ய வேண்டியது, காலைச் சுவரில் தூக்கிச் சாய்த்துப் படுக்கிற விபரீத கரணி. சுவருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், இறக்கி அடுக்கிய ஒட்டகச் சேணங்களின் மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்ளலாம். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் குடித்துக்கொண்டே இருங்கள், கொஞ்சம் உப்போடு. மோர் கிடைத்தால் விடாதீர்கள். ராப்டி என்று கம்புமாவை மோரில் கரைத்துக் காய்ச்சித் தருவார்கள். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவருக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முழங்காலைப் பற்றி: மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஆகவே அவர்கள் சொல்கிற பத்து கிலோமீட்டரை நம் ரோட்டுப் பத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்று வீசிவரும் பக்கத்துச் சரிவு தாழ்ந்து, இறுகி இருக்கும், ஏறுவதற்கு அதுதான். மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாக, கால் வைத்தால் சரியும், அதில் ஏற முயன்றால் மூச்சு போய்விடும். இறங்குவதற்கு மட்டும் அது சுகம்: குதிகாலை முதலில் அழுத்தி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, அவசரப்படாமல் இறங்கினால் முழங்காலில் அதிர்ச்சி விழாது. முன்னால் போகிறவரின் அடியிலேயே அடி வைத்து நடந்தால் சிரமம் கொஞ்சம் குறையும். லேசான வலி என்கிறீர்கள், இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் எலும்பு டாக்டரிடம் காட்டி, இத்தனை தூரம் மணலில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. குதிரைமொழித் தேரியும் காற்று கொண்டுவந்து குவித்த மணல்தான், சிவப்பு மணல். இரண்டு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலையே போய் அங்கே நடந்து பழகுங்கள். அவரையும் அழைத்துப் போங்கள். உங்கள் கால் தாங்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பணத்துக்குத் தகுமா என்பது அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. 2012இல் நாட்டில் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம். மேய்ச்சல் நிலம் சுருங்கியது, வண்டிகள் வந்துவிட்டன, ஒட்டகம் வளர்ப்பதில் இளைஞர்களுக்கு வருமானம் இல்லை. உங்களோடு ஐந்து நாள் நடக்கிற ஒட்டகக்காரர்தான் அந்த முகாமிலேயே அதிகம் தெரிந்த ஆசிரியர். பல முகாம்களில் அவருக்குத்தான் கடைசித் தட்டு, கடைசிக் கூலி. அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று கவனியுங்கள். ஒரு கை உலர்ந்த மணலை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் சுழற்றித் தேய்த்து, கொட்டி, இன்னொரு கை மணல் போட்டுத் தேய்த்து, தலைப்பாகைத் துணியின் நுனியால் துடைத்து வைப்பார். எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது, ஒரு சொட்டுத் தண்ணீர் செலவாகியிருக்காது. அதே முகாமில் வெந்நீர்க் குளியலுக்கு லாரித் தண்ணீர் வருகிறது என்றால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே பதிவு செய்வதற்கு முன் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். ராத்திரி தங்குவது சாம் வரிசைக் கூடாரங்களிலா, நடந்து போகிற இடத்திலா? ஒட்டகங்கள் யாருடையவை, அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தருகிறீர்கள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது? போகிற வழி யாருடைய மேய்ச்சல் நிலம், அந்த ஊரில் கேட்டுவிட்டுத்தான் போகிறீர்களா? நல்ல முகாம் நடத்துகிறவர் இதற்கெல்லாம் சந்தோஷமாகவே பதில் எழுதுவார். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள், பிப்ரவரிக்குள் இன்னும் நாள் இருக்கிறது.