மனைவிக்கு கீமோ, எனக்குத் தூக்கமே இல்லை

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். இரண்டு தவணை ஆகிவிட்டது. காய்ச்சல் வந்துவிடுமோ என்று இரவில் பலமுறை எழுந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். பகலில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். என் பிரஷர் மாத்திரையைக்கூட மறந்துவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த இரவுக் காவலை விடுங்கள். கையால் தொட்டால் காய்ச்சல் சரியாகத் தெரியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். குளிரோ நடுக்கமோ வந்தால் அப்போதும் பாருங்கள். வாயில் வைத்துப் பார்ப்பதானால், சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையும் குடித்து 20 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். நடுவே அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவரே எழுப்புவார். எழுப்பச் சொல்லி வையுங்கள்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ். இதைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழைத்துவிட்டுக் கிளம்புங்கள். ‘ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம்’ என்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. கீமோவால், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்த உடலில் சீழோ வீக்கமோ தெரியாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் தொற்றைக் காட்டிக்கொடுக்கும். அதையும் மாத்திரை மறைத்துவிட்டால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறலாம். காய்ச்சலே இல்லாமல் கடும் நடுக்கம், மூச்சுத் திணறல், மனக்குழப்பம் வந்தாலும் அதேபோல் உடனே அழைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, 21 நாளையும் ஒரேமாதிரி பதற்றத்தோடு கடத்தாதீர்கள். அவை ஒரேமாதிரி இருப்பதில்லை. கீமோ ஏற்றிய முதல் மூன்று நான்கு நாள் குமட்டலும் அசதியும் கூடுதல்; சமையல், குழந்தைகள், கடை வேலைகளுக்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான். ஏறக்குறைய 7 முதல் 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். சளி, இருமல் உள்ளவர்கள் அந்த வாரம் பார்க்க வரவேண்டாம். உங்களுக்கே சளி என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேறு அறையில் படுங்கள். மூன்றாவது வாரம் பெரும்பாலும் சற்று லேசாக இருக்கும். உங்கள் பிரஷர் பரிசோதனை, விட்டுப்போன தூக்கம், ஒரு முழு நாள் ஓய்வு எல்லாவற்றையும் அங்கே வையுங்கள். காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். குறிக்காத ஓய்வு நடக்காது.

‘ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று கேட்பவர்களிடம் ‘சொல்றேன்’ என்று முடித்துவிடாதீர்கள். ‘வியாழன் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் தூங்கணும்’ என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. தெர்மாமீட்டர் இருக்குமிடம், மேற்சொன்ன அளவு, மருத்துவமனையின் இரவு நேர எண், மாத்திரை நேரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஒட்டிவிட்டால் பொறுப்பைக் கைமாற்றுவது எளிது.

எரிச்சல் பற்றி. உங்களுடையதில் பெரும்பங்கு தூக்கக் கடன். அவருக்கும் எரிச்சல் வந்தால், கீமோவையொட்டித் தரும் ஸ்டீராய்டுக்கும் அதில் பங்குண்டு. அது தூக்கத்தைக் கெடுக்கும், நிறுத்திய ஓரிரு நாளில் மனத்தைத் தொய்ய வைக்கும். அதைக் காலையிலேயே கொடுத்து முடிக்கலாமா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ‘தைரியமா இரு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டபின் பலர் தங்கள் பயத்தைச் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள்.

பிரஷர் மாத்திரையை அவருடைய மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, உங்கள் பெயர் எழுதிய தனிப் பெட்டியில் வைத்து, அதே நேரத்தில் போடுங்கள். மாத்திரைகள் கலந்துவிடக் கூடாது.

தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், இரண்டு வாரம் பெரும்பாலான நாள் அப்படியே போனால் உங்களுக்கென்று தனியாக ஒரு மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அன்றே. அடுத்த தவணைக்குப் போகும்போது ‘நான் தூங்குவதில்லை’ என்று அங்கேயும் சொல்லுங்கள். கூட வந்தவரைப் பற்றி மருத்துவர்கள் நாங்களாகக் கேட்பது குறைவு.