வயலை விற்க வேண்டாம், ஆச்சி: சுரங்கத்தின் நீர்க்கணக்கில் ஒரு வாழ்க்கை இருக்கிறது

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். ஆனால் நீட் மதிப்பெண் அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அம்மான், தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குப் பேசி வைத்திருக்கிறாராம். கண்மாய்க்குக் கீழே உள்ள வயலை விற்றுவிட்டால் பாதி ஆகிவிடும், மீதியைத் தாம் கைமாற்றாகத் தருகிறேன் என்கிறார். மகளோ ‘எனக்கு வேண்டாம்’ என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை. கடிதத்தோடு அவளுடைய நோட்டுப் பக்கங்கள் சிலவற்றின் படமும் வந்திருக்கிறது, ‘படிக்க வேண்டிய நேரத்தில் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்’ என்ற மனக்குறையோடு.

ஆச்சி, பெண் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கவலையைத் தீர்ப்பதற்காக நீங்கள் செய்யப் போகும் காரியம் தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதன்பின் மேற்படிப்பு இல்லாமல் நிலைகொள்வது இன்றைக்குக் கடினம்; அதற்கு மறுபடியும் ஒரு நுழைவுத் தேர்வு, மறுபடியும் செலவு. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும் பிள்ளையை இவ்வளவு நீண்ட பாதையில் தள்ளிவிட்டு, அவள் பாதியில் நின்றுவிட்டால், போன வயல் திரும்பாது. உங்கள் கடிதத்தின்படி ஆண்டுதோறும் வீட்டுக்கு நெல் வருவது அந்த ஒரு வயலிலிருந்துதான். அடுத்தவன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். அம்மான் நல்லெண்ணத்தில் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உறவில் வாங்கிய கைமாற்று, பின்னாளில் மகளின் கல்யாணப் பேச்சில் தொடங்கி அண்ணன் தங்கை உறவு வரைக்கும் தலைகாட்டும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ரசீது இல்லாமல் ஒரு தொகை முதலில் கட்ட வேண்டும்’ என்று இடைத்தரகர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பணத்தை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

இனி அந்த நோட்டுக்கு வருவோம். உங்கள் ஊர் ஊருணியின் செம்புறாங்கல் படிகளை மேலிருந்து எண்ணி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்திருக்கிறாள். பக்கத்துப் பத்தியில் அந்த வாரத்து மழை. அதற்கடுத்த பத்தியில் காலையும் மாலையும் எடுத்த குடங்களின் எண்ணிக்கை. தை மாதத்துப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் சின்ன எழுத்தில், ‘மழை இல்லை, எடுத்தது இவ்வளவுதான், பின் ஏன் இரண்டு படி இறங்கியது? மீதி எங்கே?’ என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறாள். வெயிலில் ஆவியானதும், மண்ணுக்குள் இறங்கியதுமே அந்த மீதி. வந்தது, போனது, இருப்பு மூன்றையும் நேர்செய்து பார்த்து, நேராகாத இடத்தில் நின்று கேள்வி கேட்கிற புத்தி அது. இதே கேள்வியைப் பெரிய சுரங்கங்களில் கேட்பதற்கு இன்று ஆள் தேவைப்படுகிறது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். கணினிப் பொறியியலையும் வணிகவியலையும் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சுரங்கத்துக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கும் நிலத்தடி அடுக்கு, அதாவது நீர்த்தாங்கி, இருக்கிறது. அந்த நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையே மேலெழும்பி உடைந்துவிடும். இறைத்த நீர் அனல் மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது; சென்னைக் குடிநீருக்கும் போயிருக்கிறது. நம் சிவகங்கையிலேயே மாநில அரசின் கனிம நிறுவனமான டாமின் கிராபைட் எடுக்கிறது. வெட்டிய பாறையை அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் காற்றை ஊதினால், நீர் ஒட்டாத கிராபைட் துகள்கள் நுரையோடு மேலே வரும், மண்ணும் கல்லும் அடியில் தங்கும். இந்த நுரை மிதப்பு முறையில்தான் உலகெங்கும் தாமிரமும் துத்தநாகமும் ஈயமும் கூடப் பிரிக்கப்படுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரில் கணிசமான பங்கு, பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கழிவுச் சேற்றோடு போய்ச் சிக்கிக்கொள்கிறது.

இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதை நிறுவனங்கள் ஊரறியச் சொல்ல வேண்டிய கட்டாயம் நெடுங்காலம் இல்லாதிருந்தது. அந்த நிலை மாறிவருகிறது. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்தின் கழிவுச் சேற்று அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதற்குப் பின், இத்தகைய நிறுவனங்களில் பணம் போட்டிருந்த ஓய்வூதிய நிதியங்கள் முதலியவை ஒன்றுசேர்ந்து, 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் சேற்று அணைகள் எங்கெங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கேட்டன. 2020 ஆகஸ்டில் அவற்றுக்கான உலகத் தர நெறி வெளிவந்தது. இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி, சந்தையில் பட்டியலிட்ட முதல் 1000 நிறுவனங்களும் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’ கொடுக்க வேண்டும் என்பதை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியது, பி.ஆர்.எஸ்.ஆர். என்று அலுவலகங்களில் சொல்வது அதைத்தான். ஆற்றிலிருந்து எவ்வளவு, நிலத்தடியிலிருந்து எவ்வளவு, வெளியாரிடம் வாங்கியது எவ்வளவு, கடல்நீர் எவ்வளவு, நுகர்ந்தது எவ்வளவு, வெளியேற்றியது எவ்வளவு, எந்த அளவுக்குச் சுத்திகரித்து வெளியேற்றினார்கள் என்று அதில் எழுத வேண்டும். இவற்றில் முக்கியமான எண்களை வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது: 2023-24-இல் முதல் 150 நிறுவனங்களில் தொடங்கி, 2026-27-இல் 1000 நிறுவனங்களுக்கும் படிப்படியாக விரிகிறது.

எண்ணை வெளியிடுவதாலேயே கணக்கு வெளிப்படையாகிவிடாது. இங்கேதான் உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு வேலை. ஒரு நிறுவனம் ஓராண்டில் 1000 கோடி ரூபாய் விற்றுமுதலுக்கு 50 லட்சம் கிலோலிட்டர் நீர் நுகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். கோடிக்கு 5000 கிலோலிட்டர். மறு ஆண்டு உலோக விலை ஏறி விற்றுமுதல் 1250 கோடியாகிறது, நீர் 55 லட்சமாகக் கூடுகிறது. கோடிக்கு 4400 கிலோலிட்டர். நீர்ச் செறிவு, அதாவது ஒரு கோடி விற்றுமுதலுக்கு ஆன நீர், 12 சதவீதம் குறைந்துவிட்டது என்று அறிக்கையில் பெருமையாக அச்சாகும். ஊர்க்காரனுடைய கிணற்றுப் பக்கத்திலோ 10 சதவீதம் கூடுதலாக இறைத்திருப்பார்கள். இதனால்தான் ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு நீர் என்ற கணக்கையும் செபி பின்னர் கேட்டது. அடுத்து, மழை கொட்டும் மாவட்டத்துச் சுரங்கத்தையும் வறண்ட மாவட்டத்துச் சுரங்கத்தையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டினால், வறண்ட ஊரின் நிலை அந்தத் தொகைக்குள் மறைந்துவிடும். நீர்ப் பற்றாக்குறைப் பகுதியில் உள்ள ஒவ்வோர் ஆலையின் கணக்கையும் தனித்தனியே கொடுப்பது பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில் இருக்கிறது, ஆனால் விருப்பப் பகுதியில் இருக்கிறது. அது கட்டாயப் பகுதிக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சுரங்கத் துறைக்கென்று, நிலைத்தன்மை அறிக்கைகளுக்குத் தரநெறி வகுக்கும் சர்வதேச அமைப்பான ஜி.ஆர்.ஐ. 2024-இல் வெளியிட்ட தரநெறி சுரங்கவாரியான விவரத்தைக் கேட்கிறது. பயனுள்ள அறிக்கை அதுவே.

‘மறுசுழற்சி 80 சதவீதம்’ என்ற வகை வரிகளையும் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். ஒரே நீர் குழாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றையும் எண்ணுவதா, புதிதாக எடுத்த நீர் எவ்வளவு மிச்சமாயிற்று என்று பார்ப்பதா என்பதைப் பொறுத்து அந்த எண் எப்படியும் மாறும். குழிக்குள் ஊறி வந்து, பயன்படுத்தாமலே ஓடையில் விடப்பட்ட நீரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது இன்னொரு சிக்கல். சர்வதேசச் சுரங்க நிறுவனக் கூட்டமைப்பான ஐ.சி.எம்.எம். 2021-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, இயக்கத்துக்குப் பயன்படும் நீரையும் இப்படிக் கையாண்டு மட்டும் அனுப்பும் நீரையும் பிரித்துக் காட்டச் சொல்கிறது. பிரிக்காமல் கூட்டினால் யாருக்கும் உண்மை விளங்காது.

இந்த வேலை செய்பவர் நாள் முழுவதும் மேசையில் இருப்பதில்லை. குழாய்களில் பொருத்திய ஓட்ட அளவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். குளங்களின் நீர்மட்டத்தை அளந்து கொள்ளளவாக மாற்ற வேண்டும். சுரங்கத்தைச் சுற்றிலும் உள்ள பீசோமீட்டர் குழாய்களில் கம்பியை இறக்கி, நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று மாதந்தோறும் குறிக்க வேண்டும். மழை, ஆற்று நீர், ஆழ்துளைக் கிணறு, குழி ஊற்று, தாதுவின் ஈரம் ஆகியவற்றை வரவிலும், ஆவியானது, சேற்றில் சிக்கியது, லாரிப் பாதையில் புழுதி அடங்கத் தெளித்தது, வெளியேற்றியது ஆகியவற்றைப் பற்றிலும் எழுதி, இருப்பில் ஏற்பட்ட மாற்றத்தோடு ஒப்பிட வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை; பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் ஐந்தொகை போட்ட அதே ஒழுங்குதான், பணத்துக்குப் பதில் தண்ணீர். ஐந்தொகை நேராகவில்லை என்றால் எங்கோ ஓர் அளவி பழுது, அல்லது யாரோ ஒரு குழாயைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்து, மேலாளர் முகம் சுளித்தாலும் எழுதிக் கையெழுத்திடும் துணிவு இதற்கு அவசியம்.

இதனால் விளையும் பயன் சிறிதல்ல. உலகின் மிகப் பெரிய தாமிரச் சுரங்கமான சிலி நாட்டு எஸ்கோண்டிடா, அட்டகாமா பாலைவனத்தில் மலைமேல் இருக்கிறது. 2020 முதல் அது நிலத்தடி நீரை விட்டுவிட்டு, கடல்நீரை உப்பு நீக்கி, மூவாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏற்றிப் பயன்படுத்துகிறது. எவ்வளவு இறைக்கிறோம், நீர்த்தாங்கி எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு கையில் இல்லாமல் இவ்வளவு பெரிய மாற்றத்தை யாரும் திட்டமிட முடியாது.

படிப்பு வழி எளிது, செலவும் குறைவு. இளங்கலையில் நிலவியல், அதாவது பி.எஸ்சி. ஜியாலஜி. திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. இந்த மூன்றில் உங்கள் ஊருக்குத் திருச்சிதான் பக்கம். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் கட்டணத்துக்கு வயல் வேண்டாம், வயலில் வரும் நெல் போதும். மூன்றாம் ஆண்டில் முதுகலை அறிவியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜாம் எழுதினால் தன்பாத், கரக்பூர், ரூர்க்கி, மும்பை ஐ.ஐ.டி.களில் முதுகலைக்கு வழி திறக்கும். முதுகலை முடித்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு மூலம் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் போகலாம். சுரங்க வேலை பிடிக்காமல் போனாலும் கதவு அடைபடாது என்பதற்காகச் சொல்கிறேன். இடையில் வரைபட மென்பொருளையும், ஓரளவு நிதிக் கணக்கையும், ஜி.ஆர்.ஐ.யின் நீர்த் தரநெறியான 303-ஐயும் படித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கச் சம்பளம் கணினித் துறையில் சேரும் மாமன் மகனுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். உறவுக்காரர்கள் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். வேலை ஒடிசாவிலோ ராஜஸ்தானிலோ கிடைக்கலாம். பெண் பிள்ளையைச் சுரங்கத்துக்கா அனுப்புவது என்ற கேள்விக்கு: 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் பெண்களுக்கு இருந்த தடையை மத்திய அரசு 2019-இல் தளர்த்தியது. நிலத்தடிச் சுரங்கங்களில் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் அவர்கள் பகலில் வேலை செய்ய அப்போது அனுமதி கிடைத்தது. திறந்தவெளிச் சுரங்கங்களில் உரிய பாதுகாப்போடு, அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதத்தின் பேரில், இரவிலும் செய்ய வழி திறந்தது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஏதாவது ஒரு சுரங்க நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இணையத்திலிருந்து இறக்கி, பி.ஆர்.எஸ்.ஆர். பகுதியில் ஆறாம் கோட்பாட்டின் கீழ் உள்ள நீர்ப் பக்கங்களை மகளிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், குறுக்கே பேசாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அவளுக்கு ஒரு கேள்வியும் எழவில்லை என்றால் வேறு துறை பார்ப்போம், எனக்கு வருத்தமில்லை. எழுந்தால், அவற்றை அதே நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அம்மானுக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, மருத்துவ இடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பத்தில் ஜியாலஜியை முதல் விருப்பமாக அவளே நிரப்பட்டும்.