முகம் மட்டும் இப்படி வியர்க்கிறதே, என்ன செய்வது?

ஃபேன் அடியில் உட்கார்ந்தாலும் நெற்றி வழிகிறது என்கிறீர்கள். சிறு வயதிலிருந்தே இப்படியென்றால் பெரும்பாலும் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகளின் மிகைவேலைதான். சமீபத்தில் தொடங்கியதென்றாலோ, தூக்கத்திலும் நனைகிறதென்றாலோ தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் இதைச் செய்யும்.

கைக்குட்டையால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். மீட்டிங்குக்கு முன் காரக் குழம்பும் சூடான காபியும் வேண்டாம். பவுடர் அப்பினால் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளும், அது வேறு தொல்லை.

சரி, மருந்து? அலுமினியம் குளோரைடு கலந்ததை டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இரவில் நெற்றி நன்றாகக் காய்ந்த பிறகு மெலிதாகத் தடவலாம். ஈரத்தில் தடவினால் எரியும்; கண்ணில் படவே கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் கிளைக்கோபைரோலேட் என்ற, வியர்வையைக் குறைக்கும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். அதனால் வாய் வறளும். கண் அழுத்த நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.